சவ்வு இடம் மாறாமல் இருக்க நிறத்தை எங்கே வைப்பது?

கேள்வி: உதகையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பத்து ஜோடிச் சவ்வுகள் கொண்ட சிறிய எலக்ட்ரோடயாலிசிஸ் (மின்சாரத்தால் நீரில் இருந்து உப்பைப் பிரிக்கும் முறை) அடுக்கு ஒன்று எங்களிடம் உண்டு. மாணவர்கள் கழற்றிக் கழுவி மாட்டும்போது இரண்டு வகைச் சவ்வும் கலந்துவிடுகின்றன. போன முறை மின்சாரம் ஓடியது, உப்பு மட்டும் குறையவே இல்லை. சவ்வின் மேல் நிறம் பூசி அடையாளம் வைக்கலாமா?

பதில்: நிறம் அவசியம் வேண்டும். ஆனால் சவ்வின் மேல் பூச வேண்டாம்.

முதலில் உங்கள் அடுக்கில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். நேர்மின் அயனிகளை விடுவது நேரயனிச் சவ்வு, எதிர்மின் அயனிகளை விடுவது எதிரயனிச் சவ்வு. இரண்டும் மாறி மாறி வர வேண்டும். இரு முனையிலும் நேரயனிச் சவ்வு வரும் அமைப்பு என்றால் மொத்தம் 21 சவ்வுகள், நடுவே 20 அறைகள். ஓர் அறையில் உப்பு குறையும், அடுத்ததில் கூடும். பக்கத்துப் பக்கத்துச் சவ்வுகள் இரண்டு மட்டும் இடம் மாறினால் மூன்று அறைகள் கெடும், மற்றவை வேலை செய்யும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அடுக்கின் நடுவில் எதிரயனிச் சவ்வு இரண்டு அடுத்தடுத்து விழுந்து, அதற்குப் பிறகு வரிசை அப்படியே தொடர்ந்தால்தான் ஆபத்து. அங்கிருந்து உப்பு குறைய வேண்டிய அறைகளில் எல்லாம் உப்பு சேரும். முதல் பாதி எடுத்த உப்பை மறுபாதி திருப்பிக் கொட்டும். நீங்கள் சொல்லும் அறிகுறி கிட்டத்தட்ட இதுதான். கடைசியில் மீந்த நேரயனிச் சவ்வையும் சேர்த்துவிட்டால் எண்ணிக்கையும் சரியாக வரும். அதனால் எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது.

சவ்வுகளுக்கு இயல்பாகவே நிறம் இருக்கிறதே என்று கேட்கலாம். சில தயாரிப்பாளர்கள் சாயம் ஏற்றித்தான் தருகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான நிற வழக்கம் கிடையாது. வேறு இடத்தில் வாங்கினால் அர்த்தமே மாறிவிடலாம். நிறம் நிலைப்பதும் இல்லை. சோலைகளில் இருந்து வரும் ஓடை நீரில் மட்கிய இலைகளின் பழுப்புச் சாறு கலந்திருக்கும். அது எதிர்மின் தன்மை கொண்டது என்பதால் எதிரயனிச் சவ்வில்தான் போய் ஒட்டும். வெளிர் மஞ்சளாக இருந்தது சில மாதங்களில் பழுப்பாகும். தேயிலைச் சாற்றை வைத்துச் சோதனை செய்தால் இன்னும் சீக்கிரம்.

எது எந்தச் சவ்வு என்று சந்தேகம் இருந்தால், வெட்டி மீந்த துண்டில் சோதிக்கலாம். உயிரியல் ஆய்வகத்தில் மெத்திலீன் புளூ இருக்கும். நீரில் கரைத்துத் துண்டை ஊறவைத்துக் கழுவுங்கள். நேரயனிச் சவ்வு அழுத்தமான நீலமாகும், எவ்வளவு கழுவினாலும் போகாது. கேசரிக்குப் போடும் மஞ்சள், ஆரஞ்சு கலர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அது எதிரயனிச் சவ்வைப் பிடித்துக்கொள்ளும். மாட்டப்போகும் சவ்வில் இதைச் செய்துவிடாதீர்கள். அயனிகள் நகர வேண்டிய இடங்களைச் சாயம் அடைத்துக்கொண்டால் மின்தடை ஏறும்.

இந்த வேதியியலையே நிற விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: நேரயனிக்கு நீலம், எதிரயனிக்கு ஆரஞ்சு. மாணவர்களுக்கு மறக்காது. சிவப்பு, பச்சை வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருக்கக்கூடும். நீலத் தட்டு ஒன்று, ஆரஞ்சுத் தட்டு ஒன்று வைத்து, நீர்த்த உப்புக் கரைசலில் சவ்வுகளைத் தனித்தனியாகப் போடுங்கள். பனிக்காலத்து வறண்ட காற்றில் சவ்வு காய்ந்து வெடிக்காமல் இருக்கவும் அது உதவும்.

அப்புறம் ஸ்பேசர், அதாவது சவ்வுகளுக்கு நடுவே இடைவெளி வைக்கும் சட்டம். அதன் வெளி விளிம்பில் மார்க்கரால் நிறம் இடுங்கள். தனக்கு மேல் எந்தச் சவ்வு வர வேண்டும் என்று அந்த நிறம் சொல்ல வேண்டும். நீல விளிம்பு தெரிந்தால் நீலத் தட்டில் இருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டேப் ஒட்டாதீர்கள், அதன் தடிமனால் கசிவு வரும். அழுத்தம் விழும் முகத்திலும் மை படக் கூடாது.

நிறத்தை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். மூடுபனி நாளில் மஞ்சள் பல்பின் கீழ் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். நேரயனிச் சவ்வுகள் எல்லாவற்றிலும் ஒரே மூலையை, கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் பட்டை) மூடும் பகுதிக்கு வெளியே, சாய்வாக வெட்டிவிடுங்கள். அடுக்கிய பின் விரலால் தடவினால் ஒன்றுவிட்டு ஒன்று பள்ளம் தட்டும். இரண்டு பள்ளம் சேர்ந்து வந்தாலோ, இரண்டு மேடு சேர்ந்து வந்தாலோ அங்கே நிறுத்துங்கள்.

ஒருமுறை சரியாக அடுக்கி இறுக்கியதும், ஸ்பேசர் விளிம்புகளின் மேல் கீழிருந்து மேலாக ஒரு சாய்கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கோடு எங்கே உடைகிறதோ அங்கே ஸ்பேசர் மாறியிருக்கிறது.

கடைசியாக, ஓட்டிப் பார்ப்பதைக் குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். நம் மலைத் தண்ணீரில் உப்பு முன்பே குறைவு, தவறு இருந்தாலும் டிடிஎஸ் மீட்டரில் தெளிவாகத் தெரியாது. லிட்டருக்கு 2 கிராம் உப்புக் கரைத்து ஓட்டுங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். இரண்டும் அசையாமல் நின்றால் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்காமல், அணைத்துவிட்டு மூலைகளைத் தடவிப் பாருங்கள்.