மிளகாய்ச் செடி செழிப்பாக வளர்கிறது, நிறையப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

"பச்சைப் பசேலென்று இருக்கிறது, வாரா வாரம் உரம் போடுகிறேன்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

என் முதல் செடியும் அப்படித்தான் நின்றது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காலையில் போய்ப் பார்த்தால் பூவெல்லாம் காம்போடு மஞ்சளாகித் தொட்டி மண்ணில் கிடக்கும். உரத்தில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் செடி இலையும் கிளையுமாகவே போகும், காய்க்கிற எண்ணமே அதற்கு வராது. உரத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

அடுத்தது தண்ணீர். மதிய வெயிலில் இலை தொங்கினால் பதறி ஊற்றிவிடுவேன். சும்மா விட்டிருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்திருக்கும்! கடைசியில் வேர் அழுகித்தான் அந்தச் செடி போனது. இப்போதெல்லாம் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அதற்காகப் பூக்கிற நேரத்தில் சுத்தமாகக் காயவும் விடாதீர்கள், அதற்கும் பூ கொட்டும்.

பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் பூ உதிரும். அது உங்கள் தப்பில்லை. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் நிழல் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

செடி மூடின பால்கனியில் இருக்கிறதா? மிளகாய்ப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே இருக்கும், காற்றில் ஆடினாலே மகரந்தம் சேர்ந்துவிடும். காற்றே வராத இடமென்றால் காலையில் கிளையை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். நான் செடியோடு பேசிக்கொண்டிருப்பதாக வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாலைந்து நாளில் இதழ் மட்டும் வாடி, நடுவில் பச்சையாக ஒரு சின்ன முத்து தெரிந்தால் காய் பிடித்துவிட்டது.

அப்புறம், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இலை படகு போல மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு அடி இலை நனையும்படி தெளிக்கவும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி (வைரஸ்) வந்து செடியே குறுகிப்போனால் மருந்து கிடையாது, பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

காய்க்க ஆரம்பித்ததும் பச்சையாகவே பறித்துக்கொண்டிருங்கள், பறிக்கப் பறிக்கப் பூக்கும். விதைக்கு மட்டும் இரண்டு காயைச் செடியிலேயே பழுக்க விட்டால் போதும்.