தர்க்கத்தை இயற்கைவாதமாகப் பார்த்தால் அது உளவியல் ஆகிவிடுமா?

ஆகாது. தர்க்கமும் உலகைப் பற்றிய நம் அறிவின் ஒரு பகுதி என்ற இயற்கைவாதத்தை ஒப்புக்கொண்டால், 'மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்களோ அதுதான் தர்க்கம்' என்று முடிந்துவிடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவதிலிருந்து இரண்டாவது வராது.

நீங்கள் ஜெர்மன் தர்க்க அறிஞர் ஃப்ரேகேயின் கண்டனத்தை அப்படியே இங்கே கொண்டுவருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் சாடியது உளவியல்வாதத்தை, அதாவது தர்க்க விதிகள் மனம் இயங்கும் விதத்தைப் பற்றியவை என்ற கருத்தை. அமெரிக்க மெய்யியலாளர் குவைன் 1951-ல் சொன்னது வேறு: அனுபவத்தின் முன்னால் எந்தக் கூற்றும், தர்க்க விதி உட்பட, திருத்தத்துக்கு அப்பாற்பட்டதல்ல.

ஒன்று செய்து பாருங்கள். உளவியலாளர் வேசன் 1966-ல் அறிமுகப்படுத்திய சோதனையின் மாதிரி இது. நான்கு அட்டைகள், ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது அ, க, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டை எண்' என்ற விதி சரியா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலானோர் அ, 4 என்பார்கள், இல்லாவிட்டால் அ மட்டும் என்பார்கள். சரியான விடை அ, 7. ஏன் 7? அதன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் உடையாது. இந்தக் காரணத்தில் யாருடைய மனமும் வரவில்லை பாருங்கள், அட்டைகள் எப்படி இருக்கின்றன என்பது மட்டும்தான் வருகிறது. அதுவும் இயற்கையைப் பற்றிய உண்மைதானே!

ஆனால் அவசரப்பட்டு, 'அப்போ குவாண்டம் இயற்பியல் தர்க்கத்தை மாற்றிவிட்டது' என்று போய்விடாதீர்கள். பங்கீட்டு விதி ('A-வும், B அல்லது C-யும்' என்றால் 'A-வும் B-யும், அல்லது A-வும் C-யும்' என்பது) செல்லாத ஒரு தர்க்கத்தை, குவாண்டம் இயற்பியலுக்காக, கணிதவியலாளர்கள் பிர்க்காஃபும் ஃபான் நாய்மனும் 1936-லேயே முன்வைத்தார்கள், 1968-ல் மெய்யியலாளர் பட்னம் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினார், பலர் ஏற்கவில்லை. திருத்தலாம் என்பது வேறு, திருத்தியே ஆக வேண்டும் என்பது வேறு.