கேள்வி – பதில்: கிளிங்கான்களின் நெற்றி

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளிக் கதைத் தொடரை முதலிலிருந்து என் மகளுடன் பார்த்து வருகிறேன். 1960களில் மனிதர்களைப் போலவே இருந்த, வேற்றுக்கிரகத்தவரான கிளிங்கான்களுக்குப் பின்னாளில் நெற்றி எலும்பு புடைத்து நிற்கிறது. ஒரே இனத்துக்கு ஏன் இத்தனை முகங்கள் என்று அவள் கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகர் ஒருவர், அல்சூர், பெங்களூரு

பதில்: காசும் நேரமும் இல்லை என்பதே உண்மையான காரணம், அதை அப்படியே சொல்லிவிடலாம். 1967இல் கிளிங்கான்கள் முதன்முதலில் திரைக்கு வந்தபோது, வாரம் ஒரு அத்தியாயம் முடித்தாக வேண்டிய தொலைக்காட்சித் தொடரில், பழுப்பு நிறப் பூச்சுக்கும் மீசை தாடிக்கும் மேல் எதுவும் செய்ய இயலவில்லை. நெற்றி மேடு வந்தது 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான். நடிகரின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் வடிவம் செதுக்கி, நுரை ரப்பரில் வார்த்து, பசையிட்டு ஒட்டி, விளிம்பு தெரியாதபடி வண்ணம் தீட்ட வேண்டும். மாலையில் உரிக்கும்போது விளிம்புகள் கிழிந்துவிடும் என்பதால், மறுநாளைக்குப் புதிதாக ஒன்று தேவைப்படும். திரைப்படத்தின் செலவில்தான் இது சாத்தியமாயிற்று.

தொடர்காரர்கள் இதை விளக்காமல் விட்டிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 1996இல் வந்த ஓர் அத்தியாயத்தில், பழைய கிளிங்கான்களைப் பார்த்துத் திகைத்த தோழர்கள் காரணம் கேட்டபோது, அதை வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்று கிளிங்கான் வீரன் வோர்ஃப் முடித்துக்கொண்டான். அந்த மிடுக்கான மௌனமே போதுமானதாக இருந்தது. ஆனால் 2005இல் இரண்டு அத்தியாயங்களைச் செலவழித்து, மரபணு மாற்றத்தால் பரவிய தொற்றுதான் நெற்றியைத் தட்டையாக்கியது என்று கதை கட்டினார்கள். ஒன்றுக்குக் காரணம் சொல்லிவிட்டால், சொல்லாமல் விட்ட மற்ற மாற்றங்களெல்லாம் பிழைகளாகிவிடுகின்றன. பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் போய்க் கூத்துப் பார்ப்பவர்கள், குழுவுக்குக் குழு கிரீடமும் முகப்பூச்சும் மாறுவதால் துரியோதனன் வேறு ஆளாகிவிட்டான் என்று நினைப்பதில்லை. ஒப்பனையை அப்படி ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, ஒப்பனை மாறியதா என்பதைவிட, மாற்றம் நடிகரின் முகத்துக்கு உதவியதா என்றே நான் பார்ப்பேன். ‘ஸ்டார் டிரெக்’கின் இன்னொரு வேற்றுக்கிரகத்தவரான டிரில் இனத்தவருக்கு 1991இல் நெற்றியில் ஒரு புடைப்பு இருந்தது. 1993இல் தொடங்கிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ‘ஸ்டார் டிரெக்’ கிளைத் தொடருக்காக நடிகை டெரி ஃபாரெலுக்கு அதை ஒட்டிப் பார்த்தபோது தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே ஒப்பனைத் தலைவர் மைக்கேல் வெஸ்ட்மோர், முந்தைய ஆண்டு வேறோர் இனத்துப் பெண்ணுக்கு வரைந்த புள்ளிகளை எடுத்துக்கொண்டு, நெற்றி ஓரத்திலிருந்து கழுத்து வரை கையாலேயே தீட்டினார். பழைய டிரிலோடு அது சற்றும் பொருந்தவில்லை. ஆனால் அந்த நடிகையின் கண்ணும் புருவமும் சிரிப்பும் ஆறு பருவங்கள் வாழ்ந்த ஒரு பாத்திரத்தில் தடையின்றித் தெரிவதற்கு அது வழிவிட்டது. இதற்கு நேர்மாறாக, 2017இல் ‘டிஸ்கவரி’ என்ற கிளைத் தொடரில் கிளிங்கான்களுக்கு முடியை அகற்றித் தலை முழுவதையும் கனமான வார்ப்பால் மூடியபோது, நல்ல நடிகர்களின் முகபாவம் உள்ளேயே அடங்கிப்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. 2019இல் முடி திரும்ப வந்தது. 2022இல் தொடங்கிய இன்னொரு கிளைத் தொடரில் பழைய நெற்றியே திரும்பிவிட்டது.

1967இல் கோர் என்ற தளபதியாக நடித்த ஜான் கோலிகோஸ், 1994இல் அதே கோராக நெற்றி மேட்டுடன் திரும்பி வந்தார். இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்’கின் கூர்க்காது இனத்தவரான ரோமுலன்களுக்கும் இதே கதைதானா?
– வாசகி ஒருவர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: ஏறக்குறைய. 1966இல் பலருக்குத் தலைக்கவசம் மாட்டிக் கூர்க்காதுச் செலவை மிச்சப்படுத்தினார்கள். 1988இல் நெற்றியில் மேடு சேர்ந்தது. 2020இல் வந்த ‘பிக்கார்ட்’ தொடர், மேடு உள்ளவர்கள் வடபகுதியினர் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதைக்குத் திரும்பிவிட்டது. விளக்கம் தந்தே ஆக வேண்டும் என்றால், இந்த அளவே போதும்.