கோடே விழாத அட்டை

அன்புள்ள ஐயா,

காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கொரோனா அட்டையில் சோதித்துப் பார்த்தோம். ஒரு கோடும் விழவில்லை, நோய் இல்லை என்று நிம்மதியானோம். அந்தச் சிவப்புக் கோடு தங்கம் என்கிறார்களே, தங்கம் எப்படிச் சிவக்கும்? நம் தங்க பஸ்பமும் இதுதானா?

ர.

அன்புள்ள ர.,

பஸ்பத்தை விடுங்கள், அது வேறு பேச்சு. பதின்மூன்று நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பொடிந்த தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1857லேயே தங்கத் துகள் மிதக்கும் இந்தச் செந்நீரைப் பற்றி எழுதிவிட்டார். அவருடைய குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன.

ஆனால் ஒரு கோடும் விழவில்லை, அதனால் நிம்மதி என்கிறீர்களே, படித்ததும் கோபம்தான் வந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் இப்படியா?

முதுகலை படிக்கும்போது, நிறம் மாறுவதை வைத்து டி.என்.ஏவைக் கண்டறியலாம் என்று தங்கக் கரைசலில் அதன் மாதிரியை விட்டேன். திராட்சை ரசம் போலிருந்தது கண்ணெதிரே நீலமானது. துகள்கள் நெருங்கினால் நீலம் வரும். கண்டுபிடித்துவிட்டேன் என்று குழாயோடு ஆசிரியரிடம் ஓடினேன். அவர் வேறொரு குழாயில் அதே கரைசலை எடுத்து, டி.என்.ஏ இல்லாத வெறும் உப்புநீரை இரண்டு சொட்டு விட்டார். அதுவும் நீலமானது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கிவைக்கும் மின்னூட்டத்தை உப்பு மறைத்துவிடும், அவை ஒட்டிக்கொள்ளும். “வெறும் குழாயைப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு தூங்கவில்லை.

1996, 97இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மிர்கினின் குழு இதைச் சரியாகச் செய்தது. துகள்களில் டி.என்.ஏ இழைகளைக் கோத்தார்கள். தேடும் இழை வந்து அவற்றைச் சேர்த்துப் பிடித்தால் சிவப்பு மாறும். சூடாக்கினால் இழைகள் பிரிந்து சிவப்பு திரும்பிவிடும். என் நீலத்தை எவ்வளவு சூடாக்கினாலும் திரும்பியிருக்காது.

உங்கள் அட்டையில் நிறம் மாறுவதில்லை. பெரும்பாலும் அதில் இருப்பது, கிருமியின் புரதத்தைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டிய தங்கத் துகள்கள். அவை சளிநீரோடு ஓடிவந்து கோட்டில் குவிகின்றன, அவ்வளவுதான். ‘சி’ எழுத்துக்கு நேரே உள்ள கோடு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழ வேண்டும். அதுதான் என் ஆசிரியர் கேட்ட வெறும் குழாய். அது விழவில்லை என்றால் நீர் ஓடவில்லை, அல்லது அட்டை கெட்டுவிட்டது. நோய் இல்லை என்று அட்டை சொல்லவில்லை ஐயா, அது எதையுமே சொல்லவில்லை.

காய்ச்சல் விடவில்லை என்றால் இன்றே புது அட்டையில் பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.