ஏசி மின்சாரத்தை டயோடு எப்படி டிசியாக மாற்றுகிறது? ஒரு டயோடு போதாதா, ஏன் நான்கு போடுகிறார்கள்?

ஏசி என்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், டிசி என்பது ஒரே திசையில் ஓடுவது. இந்த மாற்றத்தில் டயோடு செய்வது பாதி வேலைதான். மீதியைக் கன்டென்சர் (மின்தேக்கி) செய்கிறது. பள்ளிப் புத்தகத்தில் கன்டென்சர் படத்தின் ஓரமாக நிற்கும், அதைப் பற்றி இரண்டு வரி இருக்கும். எனக்கு அதன் அருமை தெரிந்தது ஒரு ரேடியோவின் இரைச்சலால்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். பாட்டா விடியும் முன்னே ரப்பர் வெட்டப் போவார். மற்ற நேரமெல்லாம் ரேடியோதான். அது நான்கு செல் போடும் ரேடியோ, அதாவது 6 வோல்ட். செல் வாங்கியே காசு கரைகிறது என்று பாட்டி முணுமுணுப்பார். நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஒரு 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், ஒரு 1என் 4007 டயோடு, ஒரு 1000 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர், இவ்வளவுதான், சோப்பு டப்பாவுக்குள் ஒரு பேட்டரி எலிமினேட்டர், அதாவது செல் இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ரேடியோவை ஓட்டும் பெட்டி, செய்துவிட்டேன். ரேடியோ பாடியது. கூடவே ‘ம்ம்ம்’ என்று அடிக்குரலில் ஒரு இரைச்சல்.

பாட்டா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, “ஏம்ல, பெட்டிக்குள்ள தேனீ வளக்கியா?” என்றார். (எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைப்பது வழக்கம். அவர் சொன்னதில் உவமை குறைவு, கிண்டல் அதிகம்.)

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பிளக்கைச் சொருகினார், கேட்டார், டப்பாவைத் திறக்கவே இல்லை. “ஒத்த டயோடாக்கும் போட்டிருக்க, இல்லியா மக்ளே?”

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். அதில் 10 மில்லி செகண்ட் ஒரு திசை, அடுத்த 10 மில்லி செகண்ட் எதிர்த் திசை. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் இந்த ஆட்டம் அப்படியே இருக்கும். டயோடு என்பது கிணற்று மோட்டார் பைப்பின் அடியில் இருக்கும் புட்வால்வு மாதிரி. தண்ணீரை மேலே ஏற விடும், திரும்பி இறங்க விடாது. சிலிக்கான் துண்டின் ஒரு பக்கம் எலக்ட்ரான் மிகுதி, மறு பக்கம் குறைவு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தடுப்பு தானாகவே உருவாகிவிடும். சரியான திசையில் சுமார் 0.7 வோல்ட் கொடுத்தால் தடுப்பு விலகும், எதிர்த் திசையில் கொடுத்தால் இன்னும் அகலமாகும். டயோடின் மேல் வெள்ளிக் கோடு இருக்கும் முனை வழியாகத்தான் கரண்ட் வெளியே வரும்.

ஆக, ஒத்தை டயோடுக்குப் பின்னால் கிடைப்பது என்ன? 10 மில்லி செகண்ட் ஒரு மேடு, அடுத்த 10 மில்லி செகண்ட் ஒன்றுமே இல்லை. ஒரே திசைதான், ஆனால் விட்டு விட்டு வருகிறது. இதில் எந்த ரேடியோவும் பாடாது. இங்கேதான் கன்டென்சர் வருகிறது. அது மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க். மேடு வரும்போது நிரம்பிக்கொள்ளும், இடைவெளியில் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். கொடுக்கக் கொடுக்க மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: கரண்டை ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரையான நேரத்தால் பெருக்கி, கன்டென்சரின் மதிப்பால் வகுக்க வேண்டும். என் ரேடியோ 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால், ஆம்பியர், செகண்ட், ஃபாரட் அளவில் 0.1 × 0.02 ÷ 0.001, அதாவது 2 வோல்ட். 6 வோல்ட் ரேடியோவுக்குக் கொடுக்கும் வோல்டேஜ் செகண்டுக்கு 50 தடவை 2 வோல்ட் இறங்கி ஏறினால், ஸ்பீக்கர் அதையும் சேர்த்துத்தானே பாடும்?

நான்கு டயோடை பிரிட்ஜாகப் போட்டால் எதிர்த் திசை அரைச் சுற்றும் வீணாகாது. டிரான்ஸ்பார்மரின் எந்த முனை பாசிட்டிவாக இருந்தாலும், ஒரு டயோடு அதை வெளியே பிளஸ்ஸுக்குக் கொண்டு போகும், இன்னொன்று மைனஸிலிருந்து மறு முனைக்குத் திருப்பிக் கொண்டு வரும். அடுத்த அரைச் சுற்றில் மற்ற இரண்டும் இதே வேலையைச் செய்யும். மேடுகள் 10 மில்லி செகண்டுக்கு ஒன்று வரும். அதே கன்டென்சரில் இறக்கம் 1 வோல்ட்டாகப் பாதியாகும். இரைச்சலும் 50 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸாகும், சங்கீதக்காரர்கள் பாஷையில் ஒரு ஸ்தாயி மேலே. ஒத்தை டயோடு இரைச்சல் தடித்த குரல், பிரிட்ஜ் இரைச்சல் அதைவிட மெல்லிய குரல். அண்ணன் காதில் பிடித்தது இதைத்தான்.

மாட்டும்போது படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். வெள்ளிக் கோடும் வெள்ளிக் கோடும் சேரும் இடம் பிளஸ். கோடு இல்லாத முனைகள் இரண்டு சேரும் இடம் மைனஸ். மிச்சமிருக்கும் இரண்டு இணைப்புகள் ஏசிக்கு. இது தெரியாமல் நான் முதல் தடவை ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் ஒரு அரைச் சுற்றில் டிரான்ஸ்பார்மர் இரண்டு டயோடு வழியாக நேராக ஷார்ட் ஆகும். வீடு முழுக்க வார்னிஷ் கருகிய வாசனை. பாட்டி அன்றைக்குத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இந்த பிரிட்ஜ் யோசனைக்கு 1896இலேயே கரோல் பொல்லாக் என்பவர் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கிவிட்டார். அடுத்த வருடம் லியோ கிரேட்ஸ் தனியாக இதையே கண்டுபிடித்தார், பெயர் அவருக்கே நின்றுவிட்டது. அப்போது சிலிக்கான் டயோடே கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரை வைத்துக்கொண்டு கன்டென்சரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 8 வோல்ட் வரை வரும், பயப்பட வேண்டாம். 6 என்பது ஆர்எம்எஸ் அளவு, ஏறி இறங்கும் ஏசிக்கு ஒரு வகைச் சராசரி. உச்சம் அதன் 1.414 மடங்கு, சுமார் 8.5. கன்டென்சர் உச்சம் வரை நிரம்பும். ஒத்தை டயோடு என்றால் அதில் 0.7 கழியும், பிரிட்ஜ் என்றால் இரண்டு டயோடு வழியே போவதால் 1.4. இதே கணக்கில் 230 வோல்ட்டின் உச்சம் 325. செல்போன் சார்ஜருக்குள் 230ஐ நேராக பிரிட்ஜில் விட்டு கிட்டத்தட்ட அந்த 325 வோல்ட் டிசியைத்தான் முதலில் உண்டாக்குகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கன்டென்சரில் கரண்ட் நிற்கலாம். ஆர்வத்தில் திறந்து விரலை வைக்காதீர்கள். படிக்கிற காலத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்தே செய்யுங்கள்.

என் எலிமினேட்டரில் பிரிட்ஜ் போட்டு, கன்டென்சரையும் 2200 மைக்ரோ ஃபாரடுக்கு மாற்றினேன். இறக்கம் அரை வோல்ட்டுக்கும் கீழே வந்தது. பாட்டா ஒன்றும் சொல்லவில்லை, ரேடியோவைத் திரும்பத் தன் கட்டில் பக்கம் எடுத்துக்கொண்டார். சில வருடம் கழித்து ஒரு நாள் பழைய தடித்த இரைச்சல் மறுபடியும் கேட்டது. டப்பாவைத் திறந்து பார்த்தால் நான்கில் ஒரு டயோடின் கால் ஈயத்திலிருந்து விட்டுப் போயிருந்தது. மற்ற மூன்றும் நன்றாகவே இருந்தன, ஆனால் ஜோடி போனதால் ஒரு அரைச் சுற்று முழுக்க அடைபட்டு, பிரிட்ஜ் ஒத்தை டயோடு மாதிரி ஆகிவிட்டது. ஈயம் வைத்தேன், சரியாகிவிட்டது.