லாஃப்டில் கிடந்த பெயிண்ட் டின்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை வீச வேண்டும்?

கேள்வி: எங்கள் கார் 2012 மாடல், வெள்ளி நிறம். 2019-ல் ஒரு பக்கம் இடிபட்டு பெயிண்ட் அடித்தபோது மிச்சமான அரை டின் கலர், அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் முக்கால் டின், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் பாதி தீர்ந்தது எல்லாவற்றையும் அப்பா லாஃப்டில் ஏற்றி வைத்துவிட்டார். இப்போது பின் கதவில் நீளமாக ஒரு கீறல். தெரிந்த பெயிண்டர், "பொருள்தான் உங்ககிட்டயே இருக்கே, கூலி மட்டும் கொடுங்க" என்கிறார். அடிக்கச் சொல்லலாமா சார்?
(செம்பூர் வாசகர்)

பதில்: மூன்று டின்னும் ஒரே நாளில் லாஃப்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மூன்றுக்கும் ஆயுள் வேறு. கலர் நன்றாகவே இருக்கக்கூடும். கிளியர் கோட்டைச் சோதித்துப் பார்க்கலாம். திறந்து பயன்படுத்திய ஹார்ட்னரை மட்டும் யோசிக்காமல் ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் என்ற ரசாயனம். கிளியர் கோட்டில் உள்ள ரெசின் என்ற பிசினோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்துவது அதன் வேலை. ஆனால் ரெசின் கிடைக்கும்வரை அது காத்திருக்காது. காற்றிலுள்ள ஈரத்தோடும் சேர்ந்துவிடும். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மும்பைக் காற்று உள்ளே போகிறது. ஜூலை மாதக் காற்று எப்படி என்று கொடியில் துணி காயப்போடும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரம் படப்பட ஹார்ட்னரின் வீரியம் குறையும், கலங்கும், மூடி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். கூடவே கார்பன் டை ஆக்சைடு வாயுவும் வெளியாகும். பழைய டின் சில சமயம் உப்பியிருப்பது அதனால்தான். உங்கள் டின்னும் அப்படி இருந்தால் முகத்துக்கு நேரே வைத்து மூடியை நெம்பாதீர்கள்.

பார்வைக்குத் தெளிவாக இருக்கிறதே என்று சிலர் ஏமாந்துபோவார்கள். நானும் ஏமாந்தவன்தான். ஸ்கூட்டர் மட்கார்டுக்கு மூன்று வருடப் பழைய ஹார்ட்னரைக் கலந்து அடித்தோம். அன்று மாலை கண்ணாடி மாதிரி பளபளத்தது. நான்காம் நாளும் விரல் வைத்தால் ரேகை பதிந்தது. தேய்த்து எடுக்கலாம் என்று உப்புத்தாள் போட்டால், தூளாக வராமல் சூயிங்கம் மாதிரி உருண்டு தாளையே அடைத்துக்கொண்டது. கடைசியில் தின்னர் போட்டு மொத்தத்தையும் வழித்து, பிரைமர் என்ற அடிப்பூச்சிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். இரண்டாவது கூலி அதைப்போலப் பல மடங்கு.

"பழசுதானே, கொஞ்சம் கூடுதலா ஊத்திக்கலாம்" என்று பெயிண்டர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கிளியர் கோட் டின்னிலேயே இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று கலக்கும் அளவு போட்டிருக்கும். செத்துப்போன பங்கு எவ்வளவு என்று தெரியாமல் கூட்டி ஊற்றுவது கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுகிற கதை. புதிய ஹார்ட்னரும் அந்தக் கிளியர் கோட்டுக்கென்று அதே கம்பெனி சொல்லும் ஹார்ட்னராகவே இருக்கட்டும். தின்னரிலும் கவனம் வேண்டும். நம் பெயிண்டர்கள் 'டூக்கோ' என்று சொல்வது நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்டை. 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர், இங்கே அந்த வகைக்கே பெயராகிவிட்டது. அதற்கான மலிவு தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கும். அதுவும் ஹார்ட்னரைத் தின்றுவிடும். பி.யூ. (பாலியூரிதேன்) தின்னர் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளியர் கோட் டின்னைத் திறந்து பாருங்கள். கட்டி கட்டியாக ஜெல் மாதிரி இருந்தாலோ, நிறம் பழுப்பேறியிருந்தாலோ அதுவும் வேண்டாம். சரியாக இருந்தால், புது ஹார்ட்னரோடு அளந்து கொஞ்சம் கலந்து ஏதாவது பழைய தகரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். கரைந்து துணியில் ஒட்டினால் அது இறுகவில்லை. உங்கள் கதவுக்கு வர வேண்டிய சேதம் தகரத்தோடு போகட்டும்.

அடுத்து கலர். வெள்ளி நிறத்துக்கு மினுமினுப்பு தருவது அலுமினியத் துகள்; ஆறேழு வருடத்தில் அது அடியில் போய்ப் படிந்திருக்கும். டின்னைக் குலுக்கினால் போதாது. தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கலக்க வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். பாதித் துகள் அடியிலேயே தங்கிவிட்டால் அடிக்கிற நிறம் வேறாகிவிடும், திட்டுத் திட்டாகவும் தெரியும். அடியில் படிந்தது செங்கல் மாதிரி இறுகி உடைய மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. டின் இருட்டில் இருந்தது, கார் வெயிலில் நின்றது. இரண்டும் இப்போது ஒரே நிறமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஓர் அட்டையில் அடித்து, கிளியர் கோட்டும் போட்டுக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் கதவோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், காரில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும் கலர் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, கலர் கலந்து கொடுக்கும் கடைக்குக் காரையே ஓட்டிப் போய்விடுவது நல்லது. மழை நாளில் இந்த வேலையே வேண்டாம். ஈரத்தில் அடித்தால் பால் மாதிரி வெளுத்துவிடும்.

அபார்ட்மென்ட் சொசைட்டி பார்க்கிங்கில் வைத்து அடிக்க விடாதீர்கள். ஐசோசயனேட் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது.

கேள்வி: கிளியர் கோட், ஹார்ட்னர் செட் ஒன்றைத் தள்ளுபடி விலையில் வாங்கினேன். வீட்டில் சீலை உடைத்தால் ஹார்ட்னர் ஜெல்லி மாதிரி இருக்கிறது. டின்னில் தயாரிப்பு மாதம் பார்த்தால் நான்கு வருடம் பழசு. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.
(தாராவி வாசகர்)

பதில்: அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு ஏதும் இல்லையென்றால் 30 நாளுக்குள் அதைச் செய்தாக வேண்டும். பில் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

ஜெல்லியான ஹார்ட்னர், தயாரிப்பு மாதம், பில் மூன்றையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். டின்னை வீசிவிடாதீர்கள். முதலில் கடைக்காரரிடம் நயமாகக் கேளுங்கள்; பல சமயம் அவருக்கு வந்ததே பழைய சரக்காக இருக்கும், மாற்றித் தந்துவிடுவார். முடியாது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கட்டிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஒரு டின்னுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். 1915 வரைக்குமாவது போங்கள்.

கேள்வி: கெட்டுப்போன பெயிண்டை பாத்ரூமில் ஊற்றிவிடலாமா?
(முலுண்ட் வாசகி)

பதில்: கூடாதம்மா. மூடியைத் திறந்து, குழந்தைகள் கை படாத, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில் வைத்து, கெட்டியாகும்வரை காயவிடுங்கள். கொஞ்சம்தான் என்றால் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊற்றிக் காயவைக்கலாம். காலி டின்னும் வீட்டு அபாயக் கழிவுதான். ஈரக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். ஹார்ட்னர் டின்னை மட்டும் சில நாள் இறுக மூடாமல் வைத்திருந்துவிட்டுக் கொடுங்கள். மூடினால் வண்டியில் வைத்தே உப்பும்.