அஞ்சறைப் பெட்டி ஃபிரிட்ஜுக்குள் போனால்... மறதி நோய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஆறேழு மாதமாக மறதி அதிகம். போன வாரம் அஞ்சறைப் பெட்டியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். சாம்பாரில் உப்பு இரண்டு முறை விழுகிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார்கள் வீட்டில். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

காட்டுங்கள். பெட்டி ஃபிரிட்ஜுக்குள் போனதை விட, அது கிடைத்தபோது அம்மா என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். ‘அட, நானேதான் வெச்சேன்’ என்று தலையில் தட்டிக்கொண்டார் என்றால் பயம் குறைவு. ‘யாரு இங்க கொண்டு வந்து வெச்சது?’ என்று உங்களையே கேட்டார் என்றால் கவனிக்க வேண்டும். உப்பு விஷயம் அதைவிடப் பெரியது. நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் வரிசை தப்புவது டிமென்ஷியா எனும் மறதி நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்று. சில்லறை எண்ணுவது, மாத்திரையை வேளைக்கு எடுப்பது, பழகிய தெருவில் திரும்பி வருவது ஆகியவற்றையும் இரண்டு வாரம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டர் முன்னால் பத்து நிமிடம் அம்மா மிகத் தெளிவாகப் பேசிவிடுவார். அப்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

டிமென்ஷியா என்று முடிவு கட்டும் முன், சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், ரத்த எண்ணிக்கை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும், தலைக்கு ஒரு சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேனும் வழக்கமாகக் கேட்பார்கள். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அல்லது வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை எடுத்தால் சோடியம் இறங்கும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக இடித்திருந்தாலும் மறக்காமல் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துக் குழப்பமாக வெளிப்படும். ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதை அறுவை செய்து சரிப்படுத்த முடியும்.

வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அரிப்புக்கு அவில், தூக்கத்துக்கு அல்பிரசோலம், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் என்று தனித்தனி டாக்டர்கள் எழுதியவை சேர்ந்தே புத்தியை மழுங்கடிக்கும். எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதையும் சொல்லுங்கள். கடிகாரம் வரையச் சொல்வது, 100-லிருந்து 7, 7 ஆகக் கழிக்கச் சொல்வது போன்ற சோதனைகளில், பள்ளிக்கூடம் போகாதவர் நோய் இல்லாமலேயே குறைந்த மதிப்பெண் வாங்குவார்.

நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் – இந்த மூன்றில் யாரிடமும் தொடங்கலாம். சென்னைக்கு வர முடிந்தால், கிண்டியில் 2024-ல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை அரசினுடையது.

இன்னொன்று. மாதக்கணக்கில் மெல்ல வருவதுதான் டிமென்ஷியா. நேற்று நன்றாக இருந்தவர் இன்று ஆளே அடையாளம் தெரியாமல் உளறினால் அது வேறு: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 78. அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் 5 மணி ஆனால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று செருப்பை மாட்டுகிறார். மோதிரத்தை நான் எடுத்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்கிறார். என்ன செய்வது?
– மருமகள், மதுரை

அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் பரவலான வகை. பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயின் இயல்பு. பகல் முழுக்கத் திணறிய மூளை களைத்திருக்கும், வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும், உடம்பின் உள் கடிகாரமும் பழுதாகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிய பழக்கமும் சேர்ந்துகொள்ளும். ‘இதுதான் உங்க வீடு’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, கோபம்தான் ஏறும். ‘போலாம் மாமா, டிபன் சாப்பிட்டுட்டுப் போலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையா, நீங்களும் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடப் போய்த் திரும்புங்கள். வாசலுக்கு வந்ததும் பல நாள் அதே வீடு அவருக்கு ‘வீடு’ ஆகிவிடும்.

நான்கரை மணிக்கே எல்லா விளக்கையும் போடுங்கள், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு காபி வேண்டாம். அந்த நேரத்தில் டிவியில் சண்டை போடும் சீரியலும் செய்தி விவாதமும் ஓட வேண்டாம். திரையில் கத்துகிறவர் கூடத்திலேயே நின்று கத்துவதாக அவருக்குத் தோன்றும். வாசல் கதவின் அடியில் ஒரு தாழ்ப்பாள் வையுங்கள், கண் மட்டத்துக்குக் கீழே தேட அவருக்குத் தோன்றுவது அரிது. ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. சட்டைக் காலரின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். காணாமல் போய்விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும் முன் பக்கத்துக் கிணறு, குளம், கால்வாயைப் பாருங்கள். அதே நேரம் 112-க்கு ஒருவர் போன் போடட்டும்.

மோதிரம்: ‘நான் எடுக்கல’ என்று சத்தியம் செய்ய வேண்டாம். ‘அய்யோ, காணோமா? வாங்க தேடுவோம்’ என்று கூடத் தேடுங்கள். ஒளிக்கும் இடங்கள் ஐந்தாறுதான் இருக்கும்: தலையணை உறை, மடித்த வேட்டிக்கு நடுவே, அரிசி டிரம், சாமி படத்துக்குப் பின்னால், பழைய ஷூ. குப்பைத் தொட்டியையும் கொட்டும் முன் பாருங்கள். அசல் மோதிரம் லாக்கருக்குப் போகட்டும். அதே போல் கவரிங்கில் இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று தொலைந்தால் இன்னொன்று ‘கிடைக்கும்’. பழி எப்போதும் கூடவே இருந்து சோறு போடுகிறவர் மேல்தான் விழும், தீபாவளிக்கு வந்துபோகும் மகள் மேல் விழாது. இதை உங்கள் கணவர்தான் உறவினர்களிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. அண்ணன் நியூ ஜெர்சி, அக்கா பெங்களூரு. நானும் மனைவியும் சேலத்தில் பார்த்துக்கொள்கிறோம். இரவில் மூன்று தடவை கேட்டைத் திறக்கிறார், வேட்டியிலேயே மலம் போய்விடுகிறது, மனைவியை இரண்டு முறை அடித்துவிட்டார். இல்லத்தில் சேர்க்கலாமா? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், சேலம்

நீங்கள் எழுதிய மூன்றும் சேர்ந்துவிட்டால், வீட்டில் இரண்டு பேர் மட்டும் வைத்துச் சமாளிக்கும் எல்லை தாண்டிவிட்டது. இரவுக்கு ஓர் அட்டெண்டர் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர் வராத நாளில் என்ன என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஊர் பேசும். ஊர் வந்து இரண்டு மணிக்கு வேட்டி மாற்றப் போவதில்லை.

இல்லங்களில் ரகம் உண்டு. தானாக எழுந்து நடமாடுகிறவர்களுக்கான சாதாரண முதியோர் இல்லம் ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏராளமாக வந்திருக்கும், வீடு வாங்கிக் குடியேறும் ஓய்வுக்கால குடியிருப்பு இன்னொன்று. குளியல், உடை, மாத்திரைக்குக் கைகொடுக்கும் உதவி இல்லம் மூன்றாவது. மறதி நோய்க்கென்றே நடத்தும் இடம் நான்காவது. உங்கள் அப்பாவுக்கு இந்தக் கடைசி வகைதான் வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. தோட்டமும் கோயிலும் பார்த்து இரண்டாவது ரகத்தில் பணத்தைப் போடுகிறார்கள். பெரியவர் அடுத்த பிளாக் கதவைத் தட்ட ஆரம்பித்ததும் ‘வேறு இடம் பாருங்கள்’ என்று நிர்வாகம் சொல்கிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அந்த வரி இருக்கும்.

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், சாயங்காலம் ஆறரை மணிக்குப் போங்கள். காலை பதினோரு மணிக்கு எந்த இல்லமும் அழகாகத்தான் இருக்கும். மூத்திர வாடை அடிக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, ஆளாளுக்கு அவரவர் துணியைப் போட்டிருக்கிறார்களா, எல்லாருக்கும் ஒரே நைட்டியா? சாப்பாடு ஊட்டும்போது நேராக உட்கார வைக்கிறார்களா, சாய்த்துப் போட்டு வாயில் தள்ளுகிறார்களா? சாய்ந்தபடி விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். முற்றிய டிமென்ஷியாவில் உயிரைப் பறிக்கும் நிமோனியாவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். முரண்டு பிடிக்கும் ஒருவரிடம் பணியாளர் எப்படிப் பேசுகிறார் என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

பிறகு ஆபீஸில் உட்கார்ந்து கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? ‘தங்கியிருப்பார்கள்’ என்பது பதில் ஆகாது. நடமாடும் மறதி நோயாளிகளுக்குப் பகலில் ஐந்தாறு பேருக்கு ஒருவராவது வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். அடித்தால் என்ன செய்வீர்கள், கட்டிப் போடுவீர்களா, ஊசி போடுவீர்களா, யாரைக் கேட்டு? நடு இரவில் மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போவார்? படுக்கையில் விழுந்த பிறகும், மூக்கு வழி டியூப் போட்ட பிறகும் வைத்துக்கொள்வீர்களா? மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்று எங்கே? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

செலவைச் சொல்லும்போது மாதக் கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். டயபர், மாத்திரை, டாக்டர் வருகை, பிசியோதெரபி, தனி அட்டெண்டர், ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் ஆள் எல்லாம் தனி. டயபர் நாளைக்கு நான்கு, ஒன்று 35 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,200 ரூபாய். முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு எவ்வளவு என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பேசி, ஒரே கணக்கில் போட்டு வையுங்கள். முடிந்தால் முதலில் இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்க வைத்துப் பாருங்கள்.

விவரம் கேட்க மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மறதி நோய்க்கென்று 1992-லிருந்து இயங்கும் ஏஆர்டிஎஸ்ஐ (அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம்) அமைப்பின் கிளைகளிலும், சென்னையில் ஸ்கார்ஃப் எனும் மனநலத் தொண்டு அமைப்பின் டெம்கேர்ஸ் மையத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

கேள்வி: அம்மா பெயரில் வைப்பு நிதியும் வீடும் இருக்கின்றன. தம்பி பெயரில் பவர் எழுதி வாங்கினால் போதும்தானே?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

போதாது. எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால், பவர் பத்திரம் செல்லாமல் போகும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு. தேவைப்படும் நேரத்தில்தான் அது காலை வாரும். நோய் என்று பெயர் வந்ததாலேயே கையெழுத்துப் போடும் தகுதி போய்விடாது. அம்மாவுக்கு இன்னும் எது தன் சொத்து, யாருக்கு எது என்று விளங்கும் என்றால், தாமதிக்காமல் வங்கிக் கணக்கை ‘இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நாமினி பதியுங்கள். உயில் எழுதுவதானால், பங்கு பெறாத இரண்டு சாட்சிகள் வேண்டும். அதே தேதியிட்டு, ‘விவரம் புரிந்து கையெழுத்திடுகிறார்’ என்று டாக்டர் சான்று ஒன்று வாங்கி வைத்தால் பின்னாளில் வழக்கு வந்தால் உதவும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்கும் வழி இல்லாததால், உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போக வேண்டியிருக்கும். மருத்துவச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.

கேள்வி: இரவில் தூங்காமல் சத்தம் போடுகிறார் என்று குவெட்டியாபின் கொடுத்தார்கள். இப்போது பகலெல்லாம் தூங்கி வழிகிறார், ஒரு முறை விழுந்தும்விட்டார். நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். குவெட்டியாபின் மனநோய்க்கான மாத்திரை. இந்த ரக மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. பக்கவாத ஆபத்தும் உண்டு. வேறு வழியே இல்லாதபோது குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குத்தான். சத்தத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா பாருங்கள்: மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, பல்வலி. மறதி நோய்க்கான டோனபசில் மாத்திரையை இரவில் எடுப்பவர் என்றால் கெட்ட கனவு வரும், டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினால் பல பேருக்கு நின்றுவிடும். இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்று சொல்பவர், காலைத் தேய்த்து நடப்பவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி எனும் டிமென்ஷியா வகையில், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் உடம்பையே மரக்கட்டையாக்கிவிடும்.

கேள்வி: அம்மாவை இல்லத்தில் சேர்த்துப் பத்து நாள். போனால் ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்று அழுகிறார். ஒரு மாதம் வராதீர்கள் என்கிறார்கள் அங்கே. சரியா?
– ஒரு வாசகி, சென்னை

ஒரு மாதம் வரவேண்டாம் என்பதை ஏற்காதீர்கள். முதல் மாதம்தான் நீங்கள் கண்ணில் பட வேண்டும், அம்மாவுக்கும் சரி, பணியாளர்களுக்கும் சரி. சாயங்காலம் போகாமல் காலை பதினொன்றரைக்குப் போய், அரை மணி இருந்து, சாப்பாட்டுத் தட்டு வரும்போது கிளம்புங்கள். தட்டில் கவனம் போகும், ‘போயிட்டு வரேன்’ காட்சி நடக்காது. வீட்டில் படுத்த பழைய போர்வை, காபி குடித்த டம்ளர், பெயர் எழுதி ஒட்டிய குடும்பப் படம் ஆகியவற்றைக் கொண்டுபோய் வையுங்கள். புடவைகளில் பெயரை நூலால் தைத்துவிடுங்கள், சலவையில் மாறும். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள்: சர்க்கரை எத்தனை ஸ்பூன், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், குளிக்கத் தண்ணீர் எவ்வளவு சூடு, ‘பாப்பா’ என்று கூப்பிட்டால் யாரைத் தேடுகிறார்.

மாதா மாதம் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினால் ஊட்டும் நேரத்தில் போய் உட்காருங்கள். ஒவ்வொரு முறையும் போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்புக்குக் கீழ் எலும்பையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்துங்கள். அழுத்தியும் சிவப்பு வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் அட்டவணையைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.